ஹேஷ்டேக் எதற்கு, எத்தனை, எந்த எழுத்தில்?

கும்பகோணத்தில் வீட்டிலிருந்தபடியே ஆரி வேலை செய்து ரவிக்கை தைத்துக் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மகள் உங்களுக்கு இன்ஸ்டாகிராமில் ஒரு கணக்கு தொடங்கி, ஒவ்வொரு படத்துக்கும் கீழே # போட்டு முப்பது சொல் வரிசையாக எழுதுகிறாள். அதற்கு என்ன அர்த்தம், அதனால் ஆள் வருமா, தமிழில் போடலாமா இங்கிலீஷில்தான் போடணுமா என்று கேட்கிறீர்கள். சின்னக் கடைகளுக்கும் சில தன்னார்வக் குழுக்களுக்கும் சமூக வலைத்தளப் பக்கங்களைப் பார்த்துக்கொள்வதுதான் பத்துப் பன்னிரண்டு வருடமாக என் வேலை. இந்தச் சின்னக் குறியால் ஒரு குடும்பத்துக்குப் படகு போய்ச் சேர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாரச்சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். கருவாட்டுக்காரர்கள் ஒரு வரிசை, வெற்றிலைக்காரர்கள் ஒரு வரிசை, மண்பானை ஒரு வரிசை. பானை வாங்க வந்தவருக்கு உங்களைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவர் நேராகப் பானை வரிசைக்கு வருவார், அங்கே நீங்கள் உட்கார்ந்திருந்தால் உங்கள் பானையும் அவர் கண்ணில் படும். ஹேஷ்டேக் அந்த வரிசைதான். ஒரு சொல்லுக்கு முன்னால் இடைவெளி விடாமல் # போட்டால், அந்தச் சொல் தொட்டால் திறக்கிற இணைப்பாக மாறிவிடும். யாராவது அதைத் தொட்டாலோ தேடினாலோ, அதே சொல்லை அதே எழுத்தில் போட்டவர்களின் பொதுப் பதிவுகள் ஓரிடத்தில் வந்து நிற்கும்.

சந்தைக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இங்கே வரிசையை ஒதுக்கிக் கொடுக்கும் குத்தகைதாரர் கிடையாது. யார் வேண்டுமானாலும் புது வரிசை தொடங்கலாம், யார் வேண்டுமானாலும் இருக்கிற வரிசையில் வந்து உட்காரலாம், சம்பந்தமே இல்லாத சரக்கைப் பரப்பலாம். இதன் நல்லது கெட்டது இரண்டுமே அங்கிருந்துதான் வருகிறது.

@ என்ற குறியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். @ போட்டு எழுதினால் ஒரு குறிப்பிட்ட ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம், அவருக்கு அறிவிப்பு போகும். # யாரையும் கூப்பிடாது. தேடி வருகிறவர் வரட்டும் என்று காத்திருக்கும்.

# என்ற குறியே புதிதல்ல. போன் பொத்தான்களில் பூஜ்யத்துக்கு வலப்பக்கம் இருப்பது. வாடிக்கையாளர் சேவைக்கு போன் போட்டால் "ஹேஷ் அழுத்தவும்" என்கிறார்களே, அதே ஹேஷ். இணையத்தின் ஆரம்ப காலத்தில் ஐஆர்சி என்ற அரட்டை முறை இருந்தது, அதில் அரட்டை அறைகளின் பெயருக்கு முன்னால் இதைப் போடுவார்கள். அந்தப் பழக்கத்தைத்தான் கிறிஸ் மெஸினா என்ற அமெரிக்கர் 2007 ஆகஸ்ட் 23 அன்று ட்விட்டருக்கு (இப்போது அதன் பெயர் எக்ஸ்) கொண்டுவந்தார். குழுக்களைக் குறிக்க # போட்டால் எப்படி இருக்கும் என்று ஒரு கீச்சில், அதாவது ட்விட்டர் பதிவில், கேட்டார், அவ்வளவுதான். அப்போது ஒரு கீச்சுக்கு 140 எழுத்துதான், பலரும் சாதாரண போனிலிருந்து எஸ்எம்எஸ் வழியாகவே எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சின்ன பொத்தான்களில் சட்டென்று அடிக்கக்கூடிய குறி வேண்டும் என்பதால்தான் #.

ட்விட்டர் நிறுவனம் முதலில் இதைக் கண்டுகொள்ளவில்லை. இது கணினிக்காரர்களுக்கு மட்டும் புரிகிற சமாச்சாரம், பொதுமக்களிடம் எடுபடாது என்று நினைத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் கலிஃபோர்னியாவின் சான் டியேகோ பக்கம் பெரிய காட்டுத்தீ. லட்சக்கணக்கானவர்கள் வீட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. எந்தச் சாலை அடைபட்டிருக்கிறது, தீ எந்தப் பக்கம் போகிறது என்று எழுதியவர்கள் #சான்டியேகோஃபயர் என்ற சொல்லை ஆங்கிலத்தில் சேர்த்துக்கொண்டார்கள். தீக்கு நடுவில் இருந்தவர்களுக்கு ஒரே சொல்லைத் தேடினால் போதும் என்றானது. குறி ஊன்றிக்கொண்டது அங்கேதான். 2009-ல் ட்விட்டரே அதைத் தொட்டால் திறக்கும் இணைப்பாக்கியது. இன்ஸ்டாகிராமுக்கு 2011-லும் ஃபேஸ்புக்குக்கு 2013-லும் வந்தது. மெஸினா இதற்குக் காப்புரிமை எதுவும் வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தட்டும் என்றே விட்டுவிட்டார். அப்படி விட்டிராவிட்டால் இன்றைக்கு நீங்களும் நானும் இதைப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இதன் பலமும் பலவீனமும் எனக்கு முழுசாகப் புரிந்தது 2015 சென்னை வெள்ளத்தில். டிசம்பர் 1 காலையில் பிடித்த மழை. மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்திருந்தது. அடையாறு கரை தாண்டியது, விமான நிலையத்துக்குள் தண்ணீர், பல பகுதிகளில் மின்சாரம் இல்லை, போன் கோபுரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. நான் அப்போது மதுரையில் இருந்தேன். நண்பர்கள் ஆறேழு பேர் சேர்ந்து, பொதுவில் திறந்த ஒரு கணக்குத்தாளில் உதவி கேட்கும் கீச்சுகளை ஒவ்வொன்றாக எடுத்து எழுதிக்கொண்டிருந்தோம். இப்படி நூற்றுக்கணக்கானவர்கள் ஊர் ஊராக உட்கார்ந்து செய்தார்கள்.

முதல் நாள் எல்லாரும் ஆங்கிலத்தில் #சென்னைஃப்ளட்ஸ், #சென்னைரெயின்ஸ் என்றுதான் போட்டார்கள். சில மணி நேரத்தில் அந்த வரிசை நிரம்பி வழிந்தது. "சென்னைக்காகப் பிரார்த்திப்போம்", செய்திச் சேனல்கள் மேல் கோபம், பழைய புகைப்படங்கள், வேறு ஊர் வெள்ளத்தின் காணொலி. இவற்றுக்கு நடுவில் மொட்டைமாடியில் நிற்கிற ஒருவரின் கீச்சைத் தேட வேண்டும். அதனால்தான் உதவி கேட்பவர்களுக்கும் தருபவர்களுக்கும் மட்டும் என்று #சென்னைரெயின்ஸ்ஹெல்ப் போன்ற குறுகிய குறிகள் பிரிந்தன. பிரிந்த பிறகுதான் எங்கள் வேலை நடந்தது.

நல்ல கீச்சு எப்படி இருக்கும் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டோம். "முடிச்சூர், தெருப்பெயர் இது, தரைத்தளம் மூழ்கிவிட்டது, முதல் மாடியில் 4 பேர், ஒருவருக்கு 80 வயது, நடக்க முடியாது, மாலை 5.20 நிலவரம்" என்று இருந்தால் படகு வைத்திருப்பவருக்கு அப்படியே அனுப்பலாம். "எங்க ஏரியால தண்ணி, யாராவது ஹெல்ப் பண்ணுங்க ப்ளீஸ்" என்று எழுதி ஐந்து ஹேஷ்டேக் போட்டால் ஒன்றும் செய்ய முடியாது. குறி ஆளைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். வந்தவருக்குத் தேவையான தகவல் அங்கே இருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல் நேரம். மறுநாள் ஒரு எண்ணுக்கு போன் செய்தேன். எடுத்தவர், "நாங்க நேத்தே வெளிய வந்துட்டோம் தம்பி, காலையிலேர்ந்து நாப்பது போன் வந்துருச்சு, சார்ஜ் போயிரும் போலிருக்கு" என்றார். அவர் கீச்சை நல்லெண்ணத்தோடு ஆயிரம் பேர் பகிர்ந்துகொண்டே இருந்தார்கள், நேரம் யாரும் போடவில்லை. அந்த நாற்பது போனுக்கு ஆன நேரம் வேறு யாருக்கோ போயிருக்க வேண்டியது. இன்றைக்கும் புயல் எச்சரிக்கை வந்தால் என் பக்கங்களில் முதலில் எழுதுவது இதைத்தான். நேரம் போடுங்கள், உதவி கிடைத்தவுடன் பழைய பதிவை அழித்துவிடுங்கள், போன் எண்ணை வெளியே விட்டு வைக்காதீர்கள்.

நல்லெண்ணமே வரிசையை மூழ்கடிப்பது அமெரிக்காவிலும் நடந்தது. பிளாக் லைவ்ஸ் மேட்டர் (கறுப்பின உயிர்களும் முக்கியம்) என்ற குறி 2013-ல் அலிசியா கார்சா, பட்ரீஸ் கல்லர்ஸ், ஓபல் டொமெட்டி என்ற மூன்று பெண்கள் தொடங்கியது. 2020-ல் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் காவலரால் கொல்லப்பட்ட பின் போராட்டம் நாடு முழுக்கப் பரவியபோது, எங்கே கூடுகிறோம், எங்கே காவல்துறை மறிக்கிறது, காயம்பட்டவர்களுக்கு எங்கே உதவி என்றெல்லாம் அந்தக் குறியின் கீழ்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஜூன் 2 அன்று ஆதரவு காட்டுவதற்காக லட்சக்கணக்கானவர்கள் இன்ஸ்டாகிராமில் வெறும் கறுப்புச் சதுரத்தைப் போட்டு, கூடவே அதே குறியையும் போட்டுவிட்டார்கள். குறியைத் திறந்தால் கறுப்பு, கறுப்பு, கறுப்பு. தேவையான செய்தி அடியில் போய்விட்டது. தயவுசெய்து படத்தைப் போடுங்கள், அந்தக் குறியை மட்டும் போடாதீர்கள் என்று அமைப்பாளர்கள் கெஞ்ச வேண்டியிருந்தது.

ஒரு குறியைப் போடுவதற்கு முன் அதைத் திறந்து பாருங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதனால்தான். அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள், எதற்காக வந்திருக்கிறார்கள் என்று பார்க்க அரை நிமிடம் போதும்.

உங்கள் மகள் "டிரெண்டிங்" என்று ஏதாவது சொல்லியிருந்தால் அதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது எல்லாரும் பேசுவது இது என்று தளம் காட்டும் பட்டியல்தான் டிரெண்டு. ஒரு குறியை மொத்தம் எத்தனை பேர் போட்டார்கள் என்பதை மட்டும் வைத்து அந்தப் பட்டியல் அமைவதில்லை. குறைந்த நேரத்தில் எவ்வளவு வேகமாக ஏறியது என்பதுதான் அதில் முக்கியம். 2010 வரை இப்படி இல்லை. பாடகர் ஜஸ்டின் பீபர் பெயர் ட்விட்டர் பட்டியலிலிருந்து இறங்கவே இறங்காது, அவ்வளவு ரசிகர்கள். அந்த ஆண்டு மே மாதத்தில்தான் எப்போதும் பேசப்படுவதைவிடப் புதிதாகப் பேசப்படுவதற்கு முன்னுரிமை என்று மாற்றினார்கள்.

இதை நம் ஊர் சினிமா ரசிகர்கள் எவரைவிடவும் நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். நடிகரின் பிறந்தநாளுக்கு முன் பொது டிபி, அதாவது ரசிகர்கள் எல்லாரும் வைத்துக்கொள்ள ஒரே முகப்புப் படம், வெளியிடுவார்கள். டேக் என்ன என்பதைக் கடைசிவரை சொல்ல மாட்டார்கள். மாலை 6 மணிக்கு அறிவித்தவுடன் எல்லாரும் ஒரே நேரத்தில் போடுவார்கள். முன்கூட்டியே சிந்திவிட்டால் வேகம் போய்விடும் என்று அவர்களுக்குத் தெரியும். நேற்றைய டேக்கை இன்று போடாமல் புதிதாக ஒன்று செய்வதும் இதற்காகத்தான். 2019-ன் முதல் பாதியில் இந்தியாவில் அதிகம் கீச்சப்பட்ட ஹேஷ்டேக் என்று ட்விட்டர் அறிவித்தது விஸ்வாசம் படத்தின் பெயரை. அது மக்களவைத் தேர்தல் நடந்த அரையாண்டு, தேர்தல் குறியே இரண்டாவதுதான். சென்னை, மதுரை, நாகர்கோவில் பையன்கள் ராத்திரி கண்விழித்துச் செய்த வேலை அது. அந்த ஒழுங்கைப் பார்த்து நான் உண்மையிலேயே வியந்திருக்கிறேன்.

அதே சமயம், டிரெண்டாகிவிட்டது என்பதாலேயே ஊரே அப்படி நினைக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சுவிட்சர்லாந்தின் லொசானில் உள்ள ஈபிஎஃப்எல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் துருக்கியின் ட்விட்டர் டிரெண்டுகளை ஆராய்ந்து 2021-ல் வெளியிட்டார்கள். அங்கே உள்ளூர் டிரெண்டுகளில் ஏறக்குறைய பாதி செயற்கையாக உருவாக்கப்பட்டவை என்று கண்டார்கள். தானியங்கிக் கணக்குகள் ஒரே நேரத்தில் ஒரு குறியை எழுதி, உடனே அழித்துவிடும். அழித்தது கணக்கில் வராமல் குறி மட்டும் பட்டியலில் ஏறி நிற்கும். நம் ஊரிலும் கட்சிக்காரர்களின் ஐடி அணிகள் டேக் வைத்து மோதிக்கொள்வதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ஆனால் உண்மையான மக்கள் திரள் பின்னால் இருக்கும்போது குறி வேறு மாதிரி வேலை செய்யும். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடியபோது, வழி காட்டத் தலைவர் யாரும் இல்லை. தண்ணீர் எங்கே வேண்டும், எந்தக் கல்லூரிப் பிள்ளைகள் வருகிறார்கள், ராத்திரி பெண்கள் தங்க என்ன ஏற்பாடு என்பதெல்லாம் ஃபேஸ்புக்கிலும் ட்விட்டரிலும் ஜல்லிக்கட்டு என்ற குறியைச் சுற்றித்தான் ஓடியது. வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்த தமிழர்கள் அதைப் பிடித்துக்கொண்டுதான் கூடவே இருந்தார்கள்.

வரிசைக்கு உரிமையாளர் இல்லை என்று சொன்னேன் அல்லவா? அதைப் பெரிய நிறுவனங்களே மறந்து மாட்டிக்கொண்டதுண்டு. 2012 ஜனவரியில் மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் மெக்டி ஸ்டோரீஸ் என்று ஒரு குறியை விளம்பரம் செய்தது. வாடிக்கையாளர்கள் இனிய நினைவுகளை எழுதுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். மக்கள் அதே குறியைப் போட்டுத் தங்கள் கசப்பை எழுதித் தள்ளினார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் விளம்பரத்தை நிறுத்தினார்கள், ஆனால் குறியை நிறுத்த அவர்களிடம் எந்தப் பொத்தானும் இல்லை. யாரோ தொடங்கியதை யாரும் மூட முடியாது.

இனி தமிழ் எழுத்துக்கு வருகிறேன். எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்த பகுதி.

ஆரம்ப காலத்தில் தமிழில் ஹேஷ்டேக் போட்டால் உடைந்துபோகும். ஏன் என்று கேளுங்கள். "தமிழ்" என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு அது ஐந்து துண்டு. த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று தனித்தனியாகச் சேமிக்கிறது. எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடு என்ற பொது முறையில் த, ம, ழ மூன்றும் "எழுத்து" என்ற வகை. கொக்கியும் புள்ளியும் "குறி" என்ற வகை. ஹேஷ்டேக் எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்கும் நிரலை ஆங்கிலத்தை மனதில் வைத்து எழுதியவர்கள், எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் இருக்கும்வரை சேர்த்துக்கொள், வேறு எது வந்தாலும் நிறுத்து என்று வைத்திருந்தார்கள். அதனால் #தமிழ் என்று போட்டால் #தம என்பதோடு வெட்டிவிடும். இந்தி, மலையாளம் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். அப்புறம் திருத்தினார்கள். இப்போது பெரிய தளங்களில் தமிழ்க் குறி ஒழுங்காக வேலை செய்கிறது.

ஆனால் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து கணினிக்கு வேறாக இருக்கும் சொற்கள் இன்னும் உண்டு. ஸ்ரீ என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சில விசைப்பலகைகள் ஸ-வில் தொடங்கி அதை உருவாக்கும், சில ஶ-வில் தொடங்கி உருவாக்கும். திரையில் பெரும்பாலும் இரண்டும் அச்சுப் பிசகாமல் ஒன்றுதான். ஸ்ரீரங்கத்தைப் பற்றி எழுதுகிற இருவர் வேறு வேறு விசைப்பலகை வைத்திருந்தால், ஒருவர் பதிவு இன்னொருவர் வரிசையில் வராமலே போகலாம். ஔவையார் இன்னொன்று. ஔ என்ற ஒற்றை எழுத்தை அடிக்காமல் ஒ, ள என்று இரண்டாக அடித்துவிடுகிறார்கள், பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இந்த மாதிரிச் சொற்களை நானாக அடிக்காமல், அந்த வரிசையில் கூட்டம் இருக்கிற ஒரு பதிவிலிருந்து அப்படியே நகலெடுத்து ஒட்டுவேன்.

நம் மொழி விகுதி ஒட்டுகிற மொழி என்பதால் இன்னொரு தொல்லை. "#சென்னையில் மழை" என்று எழுதினால் உங்கள் பதிவு #சென்னை வரிசைக்குப் போகாது. #சென்னையில் என்று தனி வரிசை ஆகிவிடும். அதனால் வாக்கியத்துக்கு நடுவில் # போடாமல், வாக்கியத்தை இயல்பாக எழுதி முடித்துவிட்டு, கடைசியில் வேற்றுமை உருபு இல்லாத பெயர்ச்சொல்லாகக் குறியைப் போடுங்கள். ஒற்று மிகுவதும் இப்படித்தான். கைத்தறிப்புடவை என்று சிலர், கைத்தறிபுடவை என்று சிலர், கைத்தறி_புடவை என்று சிலர். இலக்கணப்படி முதலாவதுதான் சரி. ஆனால் கூட்டம் எதில் இருக்கிறது என்று தேடிப் பார்த்து முடிவு செய்யுங்கள். நான் பிழையை ஆதரிக்கிறவன் இல்லை, படத்தோடு எழுதும் வரியில் ஒற்றுப்பிழை வந்தால் எனக்குத் தூக்கம் வராது. ஆனாலும் வாங்குகிறவர் போகிற வரிசையில்தான் கடை போட முடியும்.

இடைவெளி வந்தால் குறி அங்கேயே முடிந்துவிடும். அடிக்கோடு வரலாம், சிறுகோடு, புள்ளி, மேற்கோள் குறி வரக் கூடாது. எக்ஸில் வெறும் எண்ணை மட்டும் போட்டால் குறியாகாது. ஆங்கிலத்தில் பல சொற்களைச் சேர்க்கும்போது ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் பெரிய எழுத்தில் போடுங்கள். தேடலுக்கு இரண்டும் ஒன்றுதான், ஆனால் படிக்கிறவருக்கு எங்கே பிரிப்பது என்று தெரியும், பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் மென்பொருளும் சொல் சொல்லாகப் பிரித்துப் படிக்கும். 2013 ஏப்ரலில் பிரிட்டன் முன்னாள் பிரதமர் மார்கரெட் தாட்சர் இறந்தபோது, "தாட்சர் இறந்துவிட்டார்" என்ற பொருளில் எல்லாம் சிறிய எழுத்தாகச் சேர்த்து ஒரு குறி ஓடியது. ஆங்கிலத்தில் "நவ் தாட்சர்ஸ் டெட்" என்பதைப் பலர் வேறிடத்தில் பிரித்து "நவ் தட் ஷெர்ஸ் டெட்" என்று படித்து, பாடகி ஷெர் இறந்துவிட்டதாக நினைத்து அழ ஆரம்பித்துவிட்டார்கள். தமிழில் பெரிய எழுத்து கிடையாது, அதனால் நமக்கு அடிக்கோடுதான் கைகொடுக்கும். இல்லாவிட்டால் சின்னச் சொல்லாகத் தேர்ந்தெடுங்கள்.

சரி, உங்கள் தொழிலுக்கு வருவோம். ஆள் வருமா?

முப்பது போட்டால் முப்பது பங்கு ஆள் வர மாட்டார்கள். நீண்ட காலம் இன்ஸ்டாகிராம் ஒரு பதிவுக்கு 30 வரை அனுமதித்தது என்பதால் எல்லாரும் முப்பதையும் நிரப்பினார்கள், அந்தப் பழக்கம்தான் உங்கள் மகளுக்கும் வந்திருக்கிறது. 2021-லேயே மூன்றிலிருந்து ஐந்து போதும் என்று இன்ஸ்டாகிராமே சொல்லிவிட்டது. ஹேஷ்டேக் போடுவதால் பதிவு பெரிதாகப் பரவிவிடாது என்று அதன் தலைவர் ஆடம் மொசேரியும் பல முறை சொல்லியிருக்கிறார். ட்விட்டர் எக்ஸ் ஆன பிறகு அதன் உரிமையாளர் எலான் மஸ்க் இன்னும் ஒரு படி மேலே போய், இனி ஹேஷ்டேக் தேவையில்லை, பார்க்கவும் அழகாக இல்லை என்று 2024 டிசம்பரில் எழுதினார். 2025-ல் எக்ஸ் விளம்பரங்களில் ஹேஷ்டேக்கையே தடை செய்தார்கள். காரணம் இதுதான். நீங்கள் சாதாரணமாக எழுதும் வரி, படத்தில் என்ன இருக்கிறது, யார் நின்று பார்க்கிறார்கள் என்பதையெல்லாம் வைத்து எதை யாருக்குக் காட்டுவது என்று இப்போது தளங்களே கணிக்கின்றன.

அதனால் அடியோடு விட்டுவிடலாமா? வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். குறி உங்களைப் பிரபலமாக்காது. ஆனால் உங்கள் படம் எதைப் பற்றியது, எந்த ஊர் என்று தளத்துக்கும் தேடுகிறவருக்கும் தெளிவாகச் சொல்லும். வீட்டுத் தொழிலுக்கு அது போதும். உங்களுக்கு அமெரிக்காவிலிருந்து ஆயிரம் லைக் வேண்டியதில்லை. தை மாதம் கல்யாணம் வைத்திருக்கிற, கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ மயிலாடுதுறையிலோ இருக்கிற பத்துக் குடும்பம் வேண்டும்.

உங்கள் மகள் போட்டிருக்கும் சொற்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். லவ், இன்ஸ்டாகுட், ஃபேஷன், ஃபாலோ ஃபார் ஃபாலோ, கூடவே அந்த வாரம் ஓடும் படத்தின் பெயர். லவ் என்ற வரிசையில் கோடிக்கணக்கான படங்கள் இருக்கின்றன, உங்கள் ரவிக்கை அங்கே ஒரு நொடிகூட மேலே நிற்காது. நின்றாலும் அங்கே ரவிக்கை தேடி யாரும் வரவில்லை. ஃபாலோ ஃபார் ஃபாலோ என்றால் நீ என்னைப் பின்தொடர்ந்தால் நான் உன்னைப் பின்தொடர்வேன் என்று அர்த்தம். அப்படி வருகிறவர் துணி தைக்கக் கொடுக்க மாட்டார். படத்தின் பெயரைப் போடுவது ஏமாற்று வேலையாகவே தெரியும், தயவுசெய்து எடுத்துவிடச் சொல்லுங்கள். பிள்ளையைத் திட்ட வேண்டாம். எல்லாரும் செய்வதைப் பார்த்துத்தான் அவளும் செய்கிறாள்.

அதற்குப் பதில் மகள் கல்யாணத்துக்கு ரவிக்கை கொடுக்க ஆள் தேடும் ஓர் அம்மா போனில் என்ன அடிப்பார் என்று யோசியுங்கள். ஆரி ஒர்க் ப்ளவுஸ், ப்ரைடல் ப்ளவுஸ், கூடவே ஊர்ப்பெயர். பெரும்பாலானவர்கள் தமிழில் பேசினாலும் ஆங்கில எழுத்தில்தான் அடிக்கிறார்கள், ஆரி என்பதை ஒரு ஏ போட்டும் இரண்டு ஏ போட்டும் எழுதுகிறார்கள். இரண்டையும் தேடிப் பாருங்கள், உங்களைப் போன்ற கைவேலை எதில் அதிகம் வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று ஆங்கிலத்தில், இரண்டு தமிழில். தமிழ் வரிசையில் கூட்டம் குறைவு என்பது உங்களுக்கு நல்லதுதான், போட்ட படம் சீக்கிரம் கீழே போகாது.

குறிகளுக்கு முன்னால் எழுதும் வரி குறிகளைவிட முக்கியம். "நியூ கலெக்‌ஷன்" என்று இரண்டு சொல்லோடு நிறுத்தாதீர்கள். இப்படி எழுதுங்கள்: "முகூர்த்தப் பட்டுக்கு ஆரி ஒர்க் ரவிக்கை. கழுத்தில் மயில், கையில் ஜர்தோசி, நடுவில் குந்தன் கல். 6 நாள் கைவேலை. கும்பகோணத்தில் நேரில் அளவு எடுத்துக்கொள்ளலாம். #ஆரி_ஒர்க் #கும்பகோணம்" என்று முடித்து, ஆங்கிலக் குறி மூன்றைச் சேருங்கள். இந்தச் சாதாரண வரியையும் தேடல் படிக்கிறது. கணக்கின் பெயர்ப் பகுதியிலும் உங்கள் பெயரோடு ஆரி ஒர்க், கும்பகோணம் என்று சேர்த்துவிடுங்கள்.

உங்கள் கடைக்கென்று சொந்தமாக ஒரு குறியும் வைத்துக்கொள்ளலாம். ரவிக்கை வாங்கிப் போனவர்கள் கல்யாணப் படத்தில் அதைப் போட்டால், தொட்டவுடன் உங்கள் வேலை எல்லாம் ஒரே இடத்தில் தெரியும், புதிதாக வருகிறவருக்கு அதைவிட நல்ல ஆல்பம் கிடையாது. முடிவு செய்வதற்கு முன் அதை வேறு யாராவது வேறு எதற்காவது பயன்படுத்துகிறார்களா என்று பார்த்துவிடுங்கள். மணப்பெண் முகம் தெரியும் படம் என்றால் அந்த வீட்டாரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். குழந்தைகளின் பட்டுப்பாவாடைச் சட்டை தைத்தால் துணியை மட்டும் படமெடுங்கள். குறி போட்ட படம் முன்பின் தெரியாதவர் கண்ணில் படுவதற்காகவே போடப்படுவது, அங்கே குழந்தையின் முகமும் பள்ளிச் சீருடையும் வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் குறி போட வேண்டியதில்லை. அங்கே எல்லாரும் பார்க்கிற பொது வரிசை என்று ஒன்று கிடையாது.

கடைசியாக ஒன்று, இதை முதலில் செய்யுங்கள். கணக்கு பிரைவேட்டாக இருக்கிறதா என்று மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்க வாய்ப்பு உண்டு. பிரைவேட் கணக்கில் எத்தனை குறி போட்டாலும் ஏற்கெனவே உங்களைப் பின்தொடர்கிறவர்களுக்குத்தான் தெரியும். போன மாதம் ஒரு தறிக்காரர் ஒன்றரை வருடமாகக் குறி போட்டும் ஒருவர்கூட வரவில்லை என்று வருத்தப்பட்டார். திறந்து பார்த்தால் பூட்டுப் படம் இருந்தது. மகளின் சொந்தக் கணக்கு பூட்டியே இருக்கட்டும், கடைக் கணக்கைத் தனியாக வைத்துத் திறந்துவிடுங்கள்.